டெபாசிட் போடப் போய் பாலிசியோடு வந்தேன்

கேள்வி: போன மாதம் ரிட்டயர் ஆனேன். 5 லட்சத்தை டெபாசிட் போடத்தான் வங்கிக்குப் போனேன். வட்டி கூடுதல் என்று சொல்லி நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். தபாலில் வந்தது இன்சூரன்ஸ் பாலிசி. பத்து வருஷம் பிரீமியம் கட்ட வேண்டுமாம். பென்ஷன் கிடையாது. என்ன செய்வது?

பதில்: பாலிசிப் பத்திரம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று முதலில் பாருங்கள். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள தேதி முத்திரை உதவும். பத்திரம் கிடைத்த 30 நாட்களுக்குள் பாலிசியை வேண்டாம் என்று திருப்பித் தரலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை ஆகியவை போக மீதி திரும்பி வரும். பாலிசி வேண்டாம் என்ற கடிதத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே எழுதுங்கள். நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீல் வாங்குங்கள். 'அடுத்த வாரம் பார்க்கலாம் சார்' என்று வங்கியில் இழுத்தடித்தால் நம்பாதீர்கள். நாள் கடத்துவதுதான் அவர்கள் வித்தை. நிறுவனம் மறுத்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை.

பணம் வந்ததும் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 8.2 சதவீத வட்டி என்றால், 5 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய். போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்றால் உங்களுக்கு இனி ஆயுள் காப்பீடே தேவையில்லை. மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? அதை நீங்கள் எழுதவில்லையே.