ஜன்னல் மாற்றப் போகிறீர்களா? ஒரு கணக்குப் பாடம்

ரயில்வே கட்டுமானப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். பாலத்தையும் பிளாட்பாரத்தையும் அளப்பதும், ஒப்பந்தக்காரர்களின் பில்களைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு ஜன்னல் விஷயத்தில் ஏமாந்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், சேமநிதிப் பணத்தில் கட்டிய வீடுகளைப் பழுது பார்க்கும் கட்டத்தில் நம் சங்க அன்பர்கள் பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஆடுகோடியில் எங்கள் வீட்டில் எட்டு மர ஜன்னல்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மேற்குப் பக்க ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கிப் படுக்கை நனைந்தது. "எட்டையும் யுபிவிசியாக மாற்றிவிடலாம் சார், சதுர அடி 650 ரூபாய்தான்" என்றார் ஓர் ஒப்பந்தக்காரர். மலிவாகத் தோன்றியது. முதலில் ஒன்றை மாற்றிப் பார்ப்போம் என்றேன். அந்த ஒரு புத்திதான் என்னைக் காப்பாற்றியது.

பில் வந்தபோது கணக்கைப் பாருங்கள். ஜன்னலின் அளவு 4 அடி 2 அங்குலம், 3 அடி 8 அங்குலம். அதாவது 15.28 சதுர அடி. பில்லில் இருந்ததோ 18 சதுர அடி! இரண்டு பக்கத்தையும் அடுத்த அரை அடிக்கு உயர்த்தி நாலரைக்கு நாலு என்று போட்டிருந்தார். இந்த வழக்கம் கண்ணாடி வியாபாரத்தில் உண்டு. முன்பே கேட்காதது என் தவறு.

18 சதுர அடிக்கு ரூ. 11,700. கொசுவலைக்குத் தனியாக ரூ. 1,500. பழைய சட்டத்தைப் பெயர்த்து, உடைந்த சுவர் ஓரத்தைப் பூசியதற்கு ரூ. 2,500. ஆக ரூ. 15,700. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ. 2,826. மொத்தம் ரூ. 18,526.

பிறகுதான் இன்னொருவரிடம் விசாரித்தேன். அவர் சொன்ன விலை சதுர அடிக்கு ரூ. 1,100. ஆனால் உண்மை அளவுக்கு மட்டும். வலை, பெயர்ப்பு, பூச்சு, வரி எல்லாம் அதற்குள் அடக்கம். 15.28 சதுர அடிக்கு ரூ. 16,808. 650 ரூபாய்க்காரரைவிட 1,100 ரூபாய்க்காரர் ரூ. 1,718 குறைவு!

பணம் போனதுகூடப் பெரிதில்லை. பழைய மரச் சட்டத்திலேயே இரும்புக் கிரில் பொருத்தியிருந்தது. சட்டத்தைப் பெயர்த்ததும் கிரிலும் கழன்றது. புதிய ஜன்னல் வர மூன்று நாள் ஆயிற்று. அதுவரை படுக்கையறைச் சுவரில் பாலிதீன் தாளைக் கட்டிக்கொண்டு, திருடன் பயத்தில் நானும் என் மனைவியும் மாறி மாறி விழித்திருந்தோம்.

அதன் பிறகே, முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு மீதி ஏழு ஜன்னல்களின் சட்டத்தையும் அடிப்பகுதியில் குத்திப் பார்த்தேன். இரண்டில் திருப்புளி உள்ளே இறங்கியது, கரையான் வேலை. ஐந்தில் மரம் கெட்டியாக இருந்தது. கீல் துருப்பிடித்ததும், கண்ணாடி ஓரத்துப் பட்டி உதிர்ந்ததும்தான் குறை. அந்த இரண்டை மட்டும் ரூ. 33,616க்கு மாற்றினேன். ஐந்தையும் ஆசாரி ஒருவர் ரூ. 9,500க்குச் சரிசெய்து கொடுத்தார். ஆக மொத்தச் செலவு ரூ. 61,642. எட்டையும் முதல் ஆளிடமே கொடுத்திருந்தால் ரூ. 1,48,208 ஆகியிருக்கும்.

கனடாவிலிருக்கும் என் மகன், "இரட்டைக் கண்ணாடி போடுங்கள் அப்பா, செலவு திரும்பக் கிடைத்துவிடும்" என்றான். அங்கே வீட்டைச் சூடாக்கும் செலவு குறைவதால் அந்தக் கணக்கு சரி. பெங்களூரில் நாம் வீட்டைச் சூடாக்குவதில்லையே! ஓசூர் சாலை இரைச்சலுக்குக்கூட முதலில் இடுக்குகளை அடைத்துப் பார்க்க வேண்டும். காற்று நுழையும் இடுக்கு இருந்தால் எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டும் சத்தம் உள்ளே வரும்.

கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. அளவு உள்ளபடியா, உயர்த்தியா? ஒரு ஜன்னலுக்கு மொத்தம் எவ்வளவு?

2. வலை, கிரில், பெயர்ப்பு, பூச்சு, வரி இவற்றில் எவை சேர்ந்தவை, எவை தனி?

3. யுபிவிசி சட்டத்தின் உள்ளே இரும்பு வைத்திருக்கிறார்களா? வலுவான காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். அலுமினியமானால் தகட்டின் தடிமனை எழுதச் சொல்லுங்கள்.

4. இரு கதவு நகரும் ஜன்னலில் பாதிதான் திறக்கும். கீல் வைத்தது முழுவதும் திறக்கும். எது உங்களுக்கு வேண்டும்?

5. பழையதைப் பெயர்க்குமுன் புதியது வீட்டுக்கு வந்துவிடுமா?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். கன்னடத்தில் எழுதித் தந்தால், படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்; அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ரயில்வே ஒப்பந்தங்களில் ஒரு பகுதித் தொகையைக் காப்பாகப் பிடித்துவைத்து, பராமரிப்புக் காலம் முடிந்த பிறகே கொடுப்பது வழக்கம். அதுபோல நீங்களும் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு நல்ல மழைக்குப் பின் கொடுப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஒப்பந்தக்காரர் இதற்கு முகம் சுளிக்காமல் சம்மதித்தார். மழையும் வந்தது, தண்ணீர் உள்ளே வரவில்லை. மறுநாள் காலையிலேயே அவரைக் கூப்பிட்டு, காப்பியோடு பாக்கியையும் கொடுத்தேன்.