சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது? மந்தநிலையில் வேலை தேடுவோருக்கு ஆறு படிகள்

அமெரிக்காவில் ஒரு வங்கி செலவைக் குறைத்தால், சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு டீம் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சுக்குப் போகிறது. 2001-இல் டாட்காம் சரிவின்போதும், 2008-இல் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோதும் இதைப் பார்த்தோம். ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு ஜாயினிங் தேதிக்காகக் காத்திருப்பவர்கள், “நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்” என்று எச்.ஆர். அறையில் சொல்லப்பட்டவர்கள் என இரு தரப்பும் ஒவ்வொரு மந்தநிலையிலும் உண்டு.

மந்தநிலையில் பட்டம் பெற்று வேலைக்கு வந்தவர்களைப் பற்றி, கனடாவின் தரவுகளை வைத்து ஓரியோபோலஸ், வான் வாக்டர், ஹைஸ் ஆகியோர் செய்த ஆய்வு 2012-இல் வெளியானது. தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் வருமானம் குறைகிறது; 5 ஆண்டுகளில் அந்த இழப்பு பாதியாகிறது; 10 ஆண்டுகளில் மறைகிறது. பலர் மீண்டது, பிறகு நல்ல நிறுவனங்களுக்கு மாறியதால். ஆகவே இப்போது தேட வேண்டியது, தாக்குப்பிடிக்கும் வேலை. அடுத்த மாற்றத்துக்கு வழிவிடும் வேலை.

1. கையெழுத்துக்கு முன் காகிதம்

ராஜினாமா கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். படித்துப் பார்க்க அவகாசம் கேளுங்கள். நோட்டீஸ் காலச் சம்பளம், மீதி லீவுக்கான பணம், ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட் வரும் தேதி ஆகியவற்றை மெயிலில் எழுதி வாங்குங்கள். ஆபீஸ் மெயில் முடங்கும் முன் பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இறக்கிவையுங்கள். ரிலீவிங் லெட்டர் கட்டாயம் வேண்டும்.

ஐந்து ஆண்டு சர்வீஸ் நிறைய சில வாரங்களே இருந்தால், கடைசித் தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைப்பது பொதுவாக அந்த ஐந்து ஆண்டைப் பொறுத்ததே: அதற்குக் கணக்கில் வரும் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கினால் தொகை வரும். பி.எஃப். பணத்தை முடிந்தவரை அடுத்த நிறுவனத்துக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் பொதுவாக வரி உண்டு.

2. எத்தனை மாதம் தாங்கும்?

கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் அவகாசம். இ.எம்.ஐ. தவறும் என்று தெரிந்தால், தவறும் முன்பே வங்கிக் கிளைக்குப் போய்ப் பேசுங்கள். 90 நாளைத் தாண்டினால் கடன் வாராக்கடன் கணக்கில் சேரும்.

பலர் மறப்பது மருத்துவக் காப்பீடு. ஆபீஸ் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று வெளியேறும் முன் கேளுங்கள். புதிதாக எடுத்தால், அப்பாவின் சர்க்கரை நோய் போன்ற பழைய நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம்.

3. பணத்தின் ஊற்றைப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எந்த வேலை வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

• இந்த வேலைக்கான பணம் எந்த வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது?
• அவர் இந்தச் செலவை ஓராண்டு தள்ளிப்போட முடியுமா?
• இதே வேலை வேறு எந்தத் துறைக்குத் தேவை?

ஒரு கடைச் சங்கிலிக்குப் புது ஆப் கட்டும் ப்ராஜெக்ட்டைத் தள்ளிப்போடலாம். வங்கி தன் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தரவேண்டிய அறிக்கை, சைபர் பாதுகாப்பு, ஊழியர் சம்பளக் கணக்கு ஆகியவற்றைத் தள்ளிப்போட முடியாது. புது ப்ராஜெக்ட்டின் பளபளப்பை விட, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் பராமரிப்பு வேலை இப்போது பாதுகாப்பானது.

இந்தக் கேள்விகள் ஐ.டி.க்கு மட்டுமல்ல. வாகன ஆலைகள் உள்ள ஒரகடத்தில் வேலை தேடும் மெக்கானிக்கல் பட்டதாரி, புது மாடல் லைனோடு உதிரிபாகம், சர்வீஸ் பிரிவுகளையும் விசாரிக்கலாம். வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடுபவர் பழைய வண்டியைப் பழுதுபார்த்தே ஆகவேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரில் அமெரிக்க பையரை மட்டும் நம்பியிருந்த யூனிட்டுகளுக்கே அடி பலமாக விழுந்தது. மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறவர், பையர்கள் எத்தனை நாட்டில் இருக்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேட்கலாம்.

4. மாற்றுப் பாதைக்குத் தேதி குறியுங்கள்

அரசுத் தேர்வு நல்ல வழிதான். டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுத் திட்ட அட்டவணையைப் பார்த்து, எந்தத் தேர்வு, எத்தனை முயற்சி, எந்த மாதம் வரை என்று முன்பே முடிவெடுங்கள். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்களின் மதிப்பெண் கணக்கில் வராது. எம்.பி.ஏ.வுக்கோ எம்.இ.க்கோ கடன் வாங்கும் முன், அந்தக் கல்லூரியில் போன ஆண்டு முடித்தவர்கள் மூன்று பேரிடமாவது பேசுங்கள்.

5. தூரத்து அறிமுகங்களைத் தேடுங்கள்

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதத்தினருக்கே அந்த நபர் அடிக்கடி சந்திப்பவர். மற்றவர்களுக்கு வழிகாட்டியவர் எப்போதாவது பார்ப்பவர்தான். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். கல்லூரி சீனியருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: “அண்ணா, நம்ம காலேஜ்ல இ.சி.இ., 2021 பேட்ச். மூணு வருஷமா இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் ப்ராஜெக்ட்ல டெஸ்டிங் பண்றேன். அடுத்த மாசம் ரிலீவ் ஆகிறேன். உங்க கம்பெனியில இந்த வேலைக்கு யார்கிட்ட பேசலாம்?” வேலை கேட்டால் அவர் தயங்கலாம், யாரிடம் பேசலாம் என்று கேட்டால் பதில் சொல்வது அவருக்குச் சுலபம்.

வேலைக்கு டெபாசிட் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று அழைத்துப்போய் மியான்மரின் சைபர் மோசடிக் கூடங்களில் தமிழக இளைஞர்களை அடைத்துவைத்தது 2022-இல் வெளிவந்தது. வெளிநாட்டு ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

6. சேரும்போதே அடுத்த வாசலைப் பாருங்கள்

சம்பளம் சற்றுக் குறைந்தாலும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் 30 நாளா, 90 நாளா என்று பாருங்கள். 90 நாள் காத்திருக்க அடுத்த நிறுவனம் தயங்கலாம். குறிப்பிட்ட காலம் விலகக் கூடாது என்ற பாண்ட் உண்டா என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

சேர்ந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரெஸ்யூமேயில் புதிதாக ஒரு வரியாவது சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த வேலை உங்களை வளர்க்கிறது. இரண்டு முறை தொடர்ந்து முடியாமல் போனால், சந்தை முழுதாகத் திரும்பும்வரை காத்திராமல் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.