பேசிய கூலி



பஞ்சசீலத்தை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். கொடாததைக் கொள்ளேன் என்பது இரண்டாம் சீலம். பொய்யுரையேன் என்பது நான்காம் சீலம். இவை ஓதி முடித்து எழுந்துவிடுவதற்குரிய சொற்களல்ல. கூலி பேசுமிடத்திலும் கூலி கொடுக்குமிடத்திலும் இவ்விரண்டும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. அதுவே இன்றைய பாடம்.

நமது தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அன்றுமுதல் நம்மவருள் பலர் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகாமிலும் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூர் சென்று உழைக்கின்றனர். அவருள் மாதச் சம்பளம் பெறாதார் பலர். வர்ணம் பூசுதல், தரைக்கல் பதித்தல் முதலிய வேலைகளைச் சதுர அடிக்கு இவ்வளவெனப் பேசி ஏற்பர். துணைக்கு ஆட்களையும் அழைத்துச் செல்வர். இத்தகையவர் வீட்டுக்காரருக்கு உழைப்பாளி; தம் ஆட்களுக்கோ எசமானர். ஆகவே இருபக்கமும் வாக்குக்குக் கடன்பட்டவர்.

இராசகிருக நகரில் திசைகளை வணங்கி நின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் புத்தர் ஆறு திசைகளின் உட்பொருளை விளக்கியருளினார். அவற்றுள் கீழ்த்திசை என்பது பணியாளர். வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, நல்ல பண்டத்தில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு ஆகிய ஐந்தும் எசமானர் கடன். முன்னெழுதல், பின்னுறங்குதல், கொடுத்ததை மட்டுமே கொள்ளுதல், வேலையைச் செம்மையாய்ச் செய்தல், எசமானரின் நற்பெயரைக் காத்தல் ஆகிய ஐந்தும் பணியாளர் கடன். கடன் இருபாலார்க்கும் உண்டு என்பதைக் கவனிக்க.

இதனை யான் அறிந்திருந்தும் தவறினேன். தாதுக்கல் அரைக்கும் மில்லில் வேலையிழந்தபின், 2003இல் ஒரு வீட்டுக்கு வர்ணம் பூச 12,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். வர்ணம் வீட்டுக்காரருடையது. எங்கள் லைனிலிருந்து மூன்று இளைஞர்களை நாளொன்றுக்கு 150 ரூபாய் பேசி அழைத்துச் சென்றேன். 15 நாளில் வேலை முடிந்தது. வீட்டுக்காரர் குறை கூறி 9,000 மட்டுமே தந்தார். அவர்களுக்குச் சேரவேண்டியது 6,750 ரூபாய். யானோ, "எனக்கே குறைத்துவிட்டார்" என்று சொல்லி, நாளுக்கு 100 வீதம் 4,500 கொடுத்தேன். அவர்கள் வாய்திறவாது வாங்கிக்கொண்டனர்.

அன்றிரவு கணக்கெழுதினேன். மொத்த நட்டம் 3,000. அதில் யான் தாங்கியது 750. அவர்கள்மேல் ஏற்றியது 2,250! வீட்டுக்காரரை அநியாயக்காரர் என்று வழியெல்லாம் வைதுகொண்டு வந்தவன், அவர் செய்ததையே யானும் செய்திருந்தேன். அவர்களிடம் வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கவில்லை, யானே கொடுத்தேன். மறுவாரம் வேறு வேலைக்கு அழைத்தபோது ஒருவரும் வரவில்லை. மூன்று மாதத்தில் அத்தொகையைக் கொடுத்துத் தீர்த்தேன். பணம் தீர்ந்தது, நம்பிக்கை திரும்ப அதனினும் நெடுங்காலம் பிடித்தது.

ஆதலின் ஒப்பந்த வேலை செய்வோர் கைக்கொள்ள வேண்டியவை:

1. அளந்து பார்த்தபின் கூலி பேசுக. நாமே தவறாய்க் கணக்கிட்டிருப்பின், பாதி வேலையில் அதிகம் கேட்டு நெருக்குதல் தகாது.

2. பேசாத வேலையைச் சேர்த்துச் செய்யச் சொன்னால், அதற்குரிய கூலியைத் தொடங்குமுன்பே பேசுக. முடித்தபின் கேட்பது பிணக்குக்கு வித்து.

3. தொகை, முன்பணம், தவணை ஆகியவற்றை ஒரு தாளிலேனும் எழுதி இருவரும் கையொப்பமிடுக. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். எனினும் எழுத்து மறதியையும் மறுப்பையும் தடுக்கும்.

4. நமக்கு வரவேண்டியது வந்தாலும் வராவிடினும், நம்மை நம்பி வந்தவரின் கூலியை முதலில் கொடுக்க.

வாக்கைக் காத்தல் அநியாயத்துக்குத் தலைவணங்குதல் அன்று. செய்த வேலைக்குரிய பணத்தைக் கேட்பது பேராசையாகாது. தவணை குறிக்காத வேலைக்கூலிக்கு, வேலை முடிந்த நாள்முதல் மூன்றாண்டுக்குள் வழக்கிட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இடந்தருகின்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பேயென 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமையால் ஒருவன் தலையசைத்துவிட்டதனால் அக்கூலி நியாயமாகிவிடாது. இவ்வுரிமையை நமக்குக் கோருவதுபோலவே நம் ஆட்களுக்கும் அளிப்போமாக.

கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்:

1. கீழ்த்திசைக்குரிய கடன்களுள் நாம் எளிதில் மறப்பது எது?

2. பேசிய கூலி குறைந்தபோது, அந்நட்டத்தை யார்மேல் ஏற்றினோம்?

3. இன்று நாம் எவருக்கேனும் கூலி பாக்கி வைத்துள்ளோமா?

மூன்றாம் வினாவுக்கு "ஆம்" என்போர், அடுத்த கூட்டத்திற்கு வருமுன் அதனைத் தீர்த்துவிட்டு வருவாராக.

எல்லா உயிரும் இன்புறுக!