‘மாலை போட்டா தொடமாட்டேன், நான் எப்படிக் குடிகாரன்?’

கார்த்திகை பிறந்தால் மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் டீக்கடைகளில் இந்தக் கேள்வி நிச்சயம் காதில் விழும். ஒரு மண்டலம் விட முடிந்தது பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடிமையா இல்லையா என்பதை அந்த 48 நாளை வைத்துச் சொல்ல முடியாது. மாலை கழற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘ஒரே ஒரு குவார்ட்டர்’ என்று தொடங்கி ஒரே வாரத்தில் பழைய அளவுக்குப் போய்விட்டால், மூளை எதையும் மறக்கவில்லை என்று பொருள். சம்பள நாள், அதே கூட்டாளி, அதே கடைவாசல் இவற்றைக் கண்டாலே மூளையில் டோபமின் சுரந்து ஏக்கம் கிளம்பிவிடும்.

இதற்கு நேரெதிர் ஆபத்தும் உண்டு. பல வருடம் தினமும் காலையிலேயே குடிப்பவர் திடீரென்று மாலை போடுகிறார். முதல் இரவு தூக்கம் வராது, கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். வீட்டில் ‘சாமிக் குத்தம்’ என்று திருநீறு பூசுகிறார்கள். உண்மையில் மது தினமும் மூளையை அமுக்கிக்கொண்டே இருந்தது. ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தது. மதுவை நிறுத்தியதும் அந்த வேகத்துக்குத் தடையில்லாமல் போகிறது. இதில் உயிரே போகலாம். ‘மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்’ என்ற அறிவுரையை இப்படிப்பட்டவரிடம் சொல்லாதீர்கள். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, சில நாளில் கரையேற்றிவிடுவார்கள்.

‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெளிஞ்சிடும்’ என்பது அடுத்த நம்பிக்கை. நாள்பட்ட குடியில் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் செலவாகிக் குழப்பம், கண் அசைவுக் கோளாறு, நடைத் தள்ளாட்டம் வரக்கூடும். சிலருக்கு ஞாபக சக்தி திரும்பாமலே போகும்.

பேருந்தில், மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ நோட்டீஸ் இருக்கிறதே, எனக்கு அதன் மேல்தான் அதிகக் கோபம். டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். விவரம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுபவருக்கான மருந்து அது. ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறையும் இருக்கிறது.

பீர் குடித்தால் கிட்னி கல் கரையுமா? சிறுநீர் அதிகம் போகும், அவ்வளவுதான். உடம்பில் நீர் வற்றும், கல் கரையாது.

கடைசியாக, கள்ளச்சாராயம் பற்றிக் கேட்கும் பேச்சு: ‘அவனும்தான் குடிச்சான், நல்லாத்தானே இருக்கான்.’ 2001-ல் நம் பண்ருட்டிப் பக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயத்தால் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கலந்திருந்தது மெத்தனால். குடித்தவுடன் வெறும் போதைதான். கல்லீரல் அதை மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாற்றும். கண் நரம்பைத் தாக்குவது அந்த அமிலம். அறிகுறி தெரியப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சை எதுவும் அந்த அமிலத்தை வெளியேற்றாது. டயாலிசிஸும் மாற்று மருந்தும் மருத்துவமனையில்தான் உண்டு. ஒருவருக்குக் கண் மங்கினாலோ வயிறு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அதே சரக்கைக் குடித்த மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அவர்களையும் அப்போதே ஏற்றி அனுப்புங்கள்.