விதை எண்ணெயும் ஒளியில் இறுகும் பிசினும்

விதை எண்ணெயிலிருந்து பிளாஸ்ரிக் பொருட்களை அச்சிடுகிறார்களாமே, இனிச் சோயாவுக்கு நல்ல விலை வருமா என்று சில குடும்பத்தினர் எம்மிடம் கேட்கின்றனர். தொழிற்பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளும் நாளை இப்பிசினைக் கையாள நேரலாம். ஆகவே இதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இங்கே பிசின் என்பது வேம்பிலோ முருங்கையிலோ வடிவது அன்று. தேன்போலத் தடித்த ஒரு திரவம். ஊதாநிற ஒளி பட்டதும் சில விநாடிகளில் இறுகிவிடும். பல் வைத்தியர் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல ஒளி பாய்ச்சுவதைக் கண்டிருப்பீர்கள். தத்துவம் அதுவேதான். அமெரிக்கரான சார்ள்ஸ் ஹல் 1984இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார். கணினியில் உள்ள வரைபடத்தின்படி தொட்டியிலுள்ள பிசின்மீது ஒளி விழும். ஒளி பட்ட இடம் மட்டும் ஒரு படையாக இறுகும். ஒரு படையின் தடிப்பு ஏறக்குறைய 0.05 மில்லிமீற்றர். அதன்மேல் அடுத்த படை, பின் அடுத்தது என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரு பற்சில்லோ, செவிப்புலன் கருவியின் உறையோ உருவாகும்.

எல்லா எண்ணெயும் இதற்கு உதவாது. தச்சு வேலை செய்பவர்களுக்குத் தெரியும்: லின்சீட் எண்ணெயைப் பலகைக்குப் பூசினால் சில நாட்களில் காய்ந்து தோல்போலப் படியும். தேங்காயெண்ணெயைப் பூசினால் எத்தனை நாள் சென்றாலும் பிசுக்காகவே இருக்கும். எண்ணெய் என்பது நீண்ட காபன் சங்கிலிகளாலானது. அச்சங்கிலிகளில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றைக் கொக்கி மாட்டக்கூடிய இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். லின்சீட்டில் அவை மிக அதிகம். சோயாவிலும் போதியளவு உண்டு. தேங்காயெண்ணெயில் மிகச் சொற்பம். தென்னை எமக்கு எத்தனையோ தருகின்றது, இந்த ஒரு வேலைக்கு மட்டும் அது ஆகாது.

சோயா எண்ணெயின் அந்த இடங்களில் முதலில் ஒட்சிசனைச் சேர்த்து, பின்னர் அக்கிரிலிக் அமிலத்தை இணைப்பார்கள். ஒளி பட்டதும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கொக்கி இதுவே. அந்த இறுக்கத்தைத் தொடக்கிவைக்க வேறொரு இரசாயனமும் சிறிதளவு கலக்கப்படும். ஆக, சங்கிலியைச் செடி தந்தது; அக்கிரிலிக் அமிலமோ இன்றும் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்தே வருகின்றது. போத்தலில் பச்சை இலையின் படம் இருப்பதைக் கண்டு, உள்ளே இருப்பது முழுவதும் செடியின் சாறு என்று நம்பிவிடலாகாது.

எமது உறவுகள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஸ்காபரோவிலே, ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்ட்ரே சிம்ப்சனும் குழுவினரும் ஒரு மக்டொனால்ட்ஸ் உணவகத்தில் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்கிப் பிசினாக்கினர். 2020இல் அச்செய்தி பரவலாக வெளிவந்தது. ஒரு லீற்றர் கழிவெண்ணெயிலிருந்து 420 மில்லிலீற்றர் பிசின் கிடைத்தது. அதில் ஒரு வண்ணத்துப்பூச்சியை அச்சிட்டார்கள். இப்பிசினாலான பொருளை மண்ணில் புதைத்தபோது இரண்டு வாரமளவில் அதன் எடையில் ஐந்திலொரு பங்கு குறைந்துவிட்டது. மெச்சத்தக்க வேலை. ஆயினும் அவர்களுக்கு மூலப்பொருளாக அமைந்தது உணவகம் கழித்த எண்ணெய் என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

இனி விலைக்கு வருவோம். 100 கிலோ சோயாவில் எண்ணெய் ஏறத்தாழ 20 கிலோதான். புரதம் அதைப்போல் இரு மடங்கு. உலகில் ஆண்டுதோறும் 35 கோடி தொன்னுக்கு மேல் சோயா விளைகின்றது. அதன் விலையைத் தீர்மானிப்பது கால்நடைத் தீவனமும் சமையல் எண்ணெயுமே. அச்சுப் பிசினுக்குப் போவது அக்கடலில் ஒரு துளி; அதன் உயர்ந்த விலையும் இரசாயன வேலைக்கே சேர்கின்றது, விதைக்கு அன்று. எவராவது இதைச் சொல்லி முற்பணமோ கையெழுத்தோ கேட்டு வந்தால், வாங்குபவர் யார், எங்கே ஒப்படைப்பது, கிலோவுக்கு என்ன விலை என்று எழுத்தில் கேளுங்கள். பல்லாண்டுகளின் பின் திரும்பக் கிடைத்த காணியில் முதற் போகத்தை இதை நம்பி விதைப்பதை நாம் ஆதரிக்கமாட்டோம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இறுகாத பிசின், சோயாவிலிருந்து வந்ததாயினும், தோலுக்கு ஒவ்வாது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் ஆயுள் முழுவதும் தொடரலாம். இறுக்கத்தைத் தொடக்கும் இரசாயனங்களுள் ஒன்றான ரீ.பீ.ஓ.வை நகப்பூச்சுகளில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் முதல் தடைசெய்துள்ளது. எனவே நைத்திரைல் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். அச்சிட்ட பொருளை அற்ககோலில் கழுவுவார்கள். அந்தக் கழுவலை வளவில் ஊற்றவே கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் இன்று ஊற்றுவது நாளை கிணற்றில் நிற்கும். கழுவலை ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு, மூடியைச் சற்றுத் தளர்த்தி, நெருப்புக்கு எட்டாத இடத்தில் வெயிலில் வையுங்கள். பிசின் இறுகி அடியில் படியும். மேலே தெளிந்த அற்ககோலை வடித்து மீண்டும் கழுவுவதற்குப் பாவிக்கலாம்.