வெயிலில் சோறு: பெட்டி அடுப்பின் கணக்கு

"வெயில்ல வச்சா சோறு வேகுமா?" என்று சிரிப்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. 50 செ.மீ. சதுரப் பெட்டியின் வாய்ப் பரப்பு 0.25 சதுர மீட்டர். உச்சி வெயிலைச் சதுர மீட்டருக்கு 800 வாட் என்று வைத்தால், பெட்டி மேல் விழுவது 200 வாட். அதில் கால் பங்கு, அதாவது 50 வாட்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்கு ஏற்ற 293 கிலோஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒன்றரை மணிக்குச் சற்று மேல். ஆக, வேகும். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

புதுச் சரக்கும் இல்லை இது. ஜெனீவா நகரத்து சொசூர் என்ற அறிஞர் 1767-இலேயே கண்ணாடி மூடிய பெட்டிக்குள் 100 டிகிரியைத் தாண்டிக் காட்டிவிட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "படிச்சதை வச்சு கேஸ் செலவைக் குறைக்க முடியுமாடா?" என்று அம்மா கேட்டது, அதற்காகத்தான் இதில் இறங்கினேன். அம்மா காலையிலேயே கேன்டீன் வேலைக்குப் போய்விடும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் அப்பா மதியம் எழுந்தால் சுடுசோறு வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லாத அடுப்பு இது ஒன்றுதான். தீயாது, பொங்கி வழியாது.

பெட்டிக்கு ஒரகடம் பக்கம் பழைய சாமான் கடையில் கிடைக்கும் பேக்கிங் மரமே போதும். அதே கடையில் தெர்மோகோலும் குவிந்து கிடக்கும். சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். 90 டிகிரி வாக்கில் அது இளகிச் சுருங்கிவிடும். வெளிப்பெட்டிக்கும் உள்ளே வைக்கும் தகரத் தட்டுக்கும் நடுவே நன்றாகக் காய்ந்த உமியை 5 செ.மீ. கனத்துக்கு அடைக்கலாம். தட்டுக்கும், பாத்திரம், மூடிக்கும் மினுமினுப்பு இல்லாத கறுப்புப் பெயிண்ட். வாசனை போகும்வரை இரண்டு மூன்று நாள் காலியாகவே வெயிலில் வையுங்கள். மேலே 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு கண்ணாடி. வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணாடி, சூடேறிய தட்டு வீசும் வெப்பக் கதிரை வெளியே விடாது. ஓரத்தில் பச்சையாகத் தெரிகிறதே, அது கண்ணாடியிலுள்ள இரும்பு. வெயிலில் கொஞ்சத்தை அது தின்றுவிடும். பச்சை குறைவாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் பெட்டி படுக்கையாக இருந்தாலே போதும். டிசம்பரில் உச்சியிலிருந்து 36 டிகிரி தெற்கே சாயும். அப்போது முகம் பார்க்கும் கண்ணாடியை வடக்கு ஓரத்தில் நிறுத்தி, ஒளியை உள்ளே திருப்ப வேண்டும். ஐப்பசி மழையில் கேஸ் அடுப்புதான் கதி. தோசையும் வறுவலும் எந்த மாதத்திலும் இதில் நடக்காது.

அரிசி போடுமுன் காலிப் பெட்டியைச் சோதியுங்கள். தட்டின் உச்ச வெப்பத்திலிருந்து வெளி வெப்பத்தைக் கழித்து, வெயிலின் வாட்டால் வகுத்தால் 0.12 வர வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் 13429. வெளியே 35 டிகிரி, வெயில் 800 வாட் என்றால் தட்டு 131 டிகிரியைத் தொட வேண்டும். குறைந்தால் முதலில் மூடி ஓரத்து ரப்பரைத் தடவிப் பாருங்கள். சூடு அந்த வழியாகவும் ஓடலாம்.