துணியில் ஓர் உணரி: அமைத்தலும் சோதித்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்) - விஞ்ஞானம், தொழினுட்பச் செயற்றிட்டங்களுக்கான துணைப்பாடம்

மாணவர்களே, வயது முதிர்ந்த அம்மம்மா இரவில் கட்டிலை விட்டு எழும்பும்போது வீட்டாருக்கு ஒலி மூலம் அறிவிக்கும் கருவி ஒன்றை அமைக்க முடியுமா? விரிப்பின் கீழ் வைக்கத்தக்க துணி உணரி இதற்கு உதவும். ஆனால் நன்கு சோதிக்கப்படாத உணரி தேவையான வேளையில் ஒலிக்காது. எனவே அமைத்தலைப் போன்று சோதித்தலும் முக்கியமானதாகும்.

1. அறிமுகம்

அர்டுயினோ எனும் நுண்கட்டுப்படுத்திப் பலகை 2005 இல் இத்தாலியில் உருவானது. துணியில் தைக்கத்தக்க லிலிபாட் அர்டுயினோ, லியா பியூக்லி என்பவரின் வடிவமைப்பிலிருந்து 2007 இல் விற்பனைக்கு வந்தது. இலங்கையிலும் 1987 இல் தொடங்கப்பட்ட எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ் போன்ற ஆடை உற்பத்தி நிறுவனங்கள் இலத்திரனியல் உறுப்புகள் சேர்ந்த ஆடைகளில் ஈடுபட்டுள்ளன. ஆகவே, இது எமது நாட்டின் கைத்தொழிலுடனும் தொடர்புடைய பாடமாகும்.

2. தேவையான பொருட்கள்

பருத்தித் துணி, அலுமினியத் தாள், காபன் கலந்த கறுப்புக் கடத்துபொலித்தீன் (வெலோஸ்டாட்), 10 கிலோஓம் தடையி, அர்டுயினோ ஊனோ பலகை, இணைப்புக் கம்பிகள், பல்மானி. வெள்ளவத்தைக் காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள தையற்கடைகளில் வெட்டுத்துணி கிடைக்கும். இலத்திரனியல் உறுப்புகளுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவை நாடலாம்.

3. செய்முறை

(அ) 5 சென்ரிமீற்றர் பக்கமுடைய இரு சதுர அலுமினியத் தாள்களை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியைப் பொருத்துக.
(ஆ) 7 சென்ரிமீற்றர் பக்கமுடைய கடத்துபொலித்தீனை அவற்றிற்கு இடையே வைக்க. அது பெரிதாக இருப்பதால் இரு தாள்களும் ஒன்றையொன்று தொடமாட்டா. தொட்டால் குறுஞ்சுற்று ஏற்படும்.
(இ) அடுக்கைத் துணியுள் வைத்து ஓரங்களை மட்டும் தைக்க.
(ஈ) உணரியின் ஒரு முனையை 5 வோல்ற்றுடனும் மறுமுனையை ஏ0 உள்ளீட்டுடனும் இணைக்க. ஏ0 இற்கும் பூச்சிய வோல்ற்று முனைக்கும் இடையே 10 கிலோஓம் தடையியை இணைக்க.

4. தத்துவம்

அழுத்தும்போது அடுக்குகளின் தொடுகை கூடுவதால் உணரியின் தடை குறையும். உணரியும் தடையியும் தொடராக உள்ளன. எனவே,

ஏ0 இன் வோல்ற்றளவு = 5 × 10 ÷ (10 + உணரியின் தடை)
(தடைகள் யாவும் கிலோஓமில்)

ஊனோ பலகை 0 முதல் 5 வோல்ற்று வரையானதை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றும்.

உதாரணம்: அழுத்தாதபோது தடை 40 கிலோஓம் எனின், வோல்ற்றளவு 1, எண் ஏறத்தாழ 205. அழுத்தியபோது தடை 2.5 கிலோஓம் எனின், வோல்ற்றளவு 4. எண் ஏறத்தாழ 818.

5. சோதித்தல்

உணரியின் மீது 5 சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுரப் பலகைத் துண்டை வைத்து, அதன் மேல் 1 லீற்றர் நீர் கொண்ட போத்தலை வைக்க. நீரின் திணிவு 1 கிலோகிராம். நிறை ஏறத்தாழ 10 நியூற்றன். பரப்பளவு 0.0025 சதுர மீற்றர். ஆகவே அழுக்கம் 4000 பஸ்கால் ஆகும். (போத்தலினதும் பலகையினதும் திணிவு புறக்கணிக்கப்பட்டுள்ளது.)

• ஒவ்வொரு முறையும் வைத்து 5 செக்கன்களின் பின்னரே வாசிப்பை எடுக்க.
• சுமை மாறாதிருப்பினும் வாசிப்பு மெல்ல நகரும். 10 நிமிடங்களின் பின் மீண்டும் குறித்துக்கொள்க.
• சுமையை எடுத்ததும் வாசிப்பு உடனே பழைய நிலைக்குத் திரும்புகின்றதா என அவதானிக்க.
• கடற்கரையை அண்டிய பகுதிகளில் காற்றில் ஈரப்பதன் அதிகம். பருத்தி ஈரத்தை உறிஞ்சுவதால் மழைநாளிலும் சோதனையைச் செய்க.

6. மாதிரி வினா

ஓர் உணரியின் வாசிப்புகள்:
சுமையின்றி: 205, 230, 198, 260, 217
சுமையுடன்: 610, 640, 598, 622, 630

(i) சுமையுடனான சராசரி யாது?
(ii) "600 இற்கு மேல் எனின் ஆள் கட்டிலில் உள்ளார்" எனும் எல்லை பொருத்தமானதா?

விடை:
(i) 3100 ÷ 5 = 620.
(ii) பொருத்தமற்றது. சராசரி 600 இற்கு மேலாயினும் ஒரு வாசிப்பு 598 ஆகும். அவ்வேளையில் ஆள் இருந்தும் இல்லை எனக் கருவி கூறும். சுமையற்ற வாசிப்புகளுள் உயர்ந்தது 260. சுமையுள்ளவற்றுள் தாழ்ந்தது 598. இவற்றின் நடுப்பெறுமானமான 429 ஐ எல்லையாகக் கொள்ளல் தகும்.

கவனிக்க: பல மாணவர்கள் சராசரியை மட்டும் எழுதி நிறுத்திவிடுவர். சராசரி நன்றாயிருப்பினும் தனி வாசிப்பு தவறலாம் என்பதே இவ்வினாவின் உயிர்நாடி.

7. முன்னெச்சரிக்கைகள்

உணரியை 230 வோல்ற்று வீட்டு மின்னுடன் ஒருபோதும் இணைக்கலாகாது, மின்கலத்தையே பயன்படுத்துக. ஈரமான உணரியைக் கழற்றி உலர்த்துக. இக்கருவி ஒரு துணை மட்டுமே. முதியவரைக் கவனிக்கும் பொறுப்பு வீட்டாருடையதே.

பயிற்சி: 10 கிலோஓமிற்குப் பதிலாக 2.5 கிலோஓம் தடையியை இட்டால், பகுதி 4 இன் உதாரணத்திலுள்ள இரு எண்களும் எவ்வாறு மாறும்? கணித்து, எந்தத் தடையி உகந்தது எனக் காரணத்துடன் எழுதுக.